முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

சேசுராஜ் சாருக்கு வயிற்றில் பை வைத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அந்தப் பையைக் கழற்றி மாட்டும்போது ஒருதடவைகூட அவர் குனிந்து பார்த்ததில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்து, சட்டையை மார்புவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். மற்றதையெல்லாம் அவர் மனைவி அடைக்கலமேரி பார்த்துக்கொள்வாள்.

மலக்குடலில் புற்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கெட்டதை வெட்டியெடுத்துவிட்டு, நல்ல குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். ஆயுசுக்கும் இனி அதுதான் வழி. மெல்லிய பசைப் பிளேட் ஒன்றில் அதன் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைச் சுற்றி ஒட்டி, பிளேட்டில் பையை மாட்ட வேண்டும். பை நிரம்ப நிரம்பக் காலி செய்ய வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை பிளேட்டையே மாற்ற வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் எல்லாரையும்போல் சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம், ஊர் சுற்றலாம், பேரன் பேத்தி கல்யாணம்வரை இருக்கலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லி அனுப்பினார். சார் அந்தத் தைரியத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். சாப்பிட்டார், வேலைக்குப் போனார், ஊர் சுற்றினார். ஒழுங்காகச் செய்ய வேண்டியது யார் என்று டாக்டரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கற்றுக்கொடுக்கும் அன்று நர்ஸ் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். சார் ஒரு பார்வை பார்த்தார், தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க கத்துக்கங்கம்மா, சார் அப்புறம் பழகிக்கிடுவாரு" என்றாள் நர்ஸ். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் குடல் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். மானகிரியில், இவர்கள் வீட்டில், அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவள் மேரிதான். சொல்லாமல் கொள்ளாமல் வரும். வந்தால் வீட்டுப் பெண்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். சபை நடுவில் சத்தம் போட்டாலும் யாரும் காதில் வாங்காத மாதிரி இருக்க வேண்டும். என்ன செய்தாலும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல முடியாது. வேறு என்ன பெயர் வைப்பது?

இதனால் ஒரு வம்பும் வந்தது. ஒருநாள் மேரி கோயம்புத்தூரில் இருக்கும் மகள் மரிய அனிதாவிடம் போனில், "மாப்பிள்ளை நேத்து கல்யாண வீட்டுல மானத்த வாங்கிட்டாருடி, முட்டைக்கோசு உள்ள போனாப் போதும், நாலு வீட்டுக்குக் கேக்குறாப்ல சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே மகளின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. முந்தின நாள் அதே கல்யாணத்தில் உட்கார்ந்து கோசுப் பொரியலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட அசல் மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விஷயம் தெரிந்தபிறகு விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதெல்லாம் போன் எடுத்தால் முதலில், "எங்க பேருக்காரரு எப்படி இருக்காரு அத்தை?" என்றுதான் கேட்கிறார்.

சிரிப்பதற்கு வேண்டியது இந்த வீட்டில் நிறைய உண்டு. சார் நல்ல மனிதர். குடி கிடையாது, கைநீட்டியது கிடையாது, தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் பேச்சில் குறைவு கிடையாது. பையோடு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். காலையில் நடக்கப் போகிறார், கல்யாணம் காட்சி ஒன்று விடுவதில்லை, கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்க்கிறார். "வாத்தியாரைப் பாத்தா அப்பிடி ஒரு சீக்கு வந்தவருன்னு யாராச்சும் சொல்வாகளா? மேரி, நீ குடுத்து வச்சவ" என்று ஊரே சொல்கிறது. மேரியும் தலையாட்டுவாள். அது பொய்யில்லை. ஆனால் கொடுத்து வைத்தவள் ஆறு வருடமாக அவரை விட்டு ஒரு இரவுகூட வேறு வீட்டில் படுத்ததில்லை.

அவளுக்கு ஒரு மணி நேரம்தான் எல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வீடு வந்து சேர முடிகிற தூரம் எதுவோ அதுவரை போகலாம். முளையில் கட்டிய மாட்டுக்குக் கயிறு எட்டுகிற வரைதான் மேய்ச்சல். அவள் பக்கத்தில் இல்லாதபோது பையைக் காலி செய்வதை மட்டும் சார் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிச் செய்துவிடுவார். வேலையில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பிளேட் கசிந்துவிட்டது என்று போன் வரும், மேரி உலையில் அரிசியோடு அடுப்பை அணைத்துவிட்டு, காரைக்குடி போய், அங்கிருந்து தேவகோட்டை பஸ் பிடித்து, தலைமையாசிரியர் அறைக்குப் பின்னால் இருந்த பாத்ரூமில் வைத்து மாற்றிவிட்டு வருவாள். சருகணியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டியதைப் பார்த்தாள், பந்தியில் இலை போடும்போது போன் வந்தது, கிளம்பிவிட்டாள். தங்கச்சி ஒரு வருடம் பேசவில்லை. பேத்தி பிறந்தபோது கோயம்புத்தூருக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். சார் உடன் வராமல் அந்த ஒரு மணி நேர எல்லையை அவள் தாண்டியதில்லை. தனியாக எங்கேயாவது உட்கார்ந்து ஒரு டீ குடித்தால்கூட கண் போனின் மேலேயே இருக்கும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வேடிக்கை என்று சொன்னால் மேரிக்குக் கோபம் வரும். அறுவைச் சிகிச்சை நடந்த அன்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்து அவள் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தாள். "அம்மா, அவுகள உசுரோட திருப்பிக் குடு. நான் ஊருல இருந்து நடந்தே வந்து ஒன் காலடியில நிக்கிறேன்." மாதா கொடுத்துவிட்டாள். சார் பிழைத்துவிட்டார். அவர் பிழைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் மேரியால் நடந்து போக முடியவில்லை.

வருடா வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஊர்க் கோயிலிலிருந்து முப்பது நாற்பது பேர் காவி உடுத்திக் கிளம்புவார்கள். காரைக்குடி, புதுவயல், அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக ஒரு வார நடை. முன்னால் கொடி பிடித்துப் போகிறவள் செபத்தியம்மா. மேரியைவிட நாலு வயது மூத்தவள், நாக்கு கொஞ்சம் நீளம். ஐந்து வருடமாக மேரி வாசலில் நின்று அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, செபத்தி கையில் ஒரு மெழுகுவர்த்தியையும் கொடுத்து அனுப்பினாள். போன வருடம் செபத்தி அதை வாங்கிக்கொண்டு, "ஏத்தா, நடந்து வாரேன்னு சொன்னது நீயா, மெழுகுதிரியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வி ஒரு வருடமாக மேரியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். ஜூலை மாதம், சாருக்கு மதியச் சாப்பாடு போடும்போது பேச்சை எடுத்தாள்.

"இந்த வருசம் நானும் வேளாங்கண்ணிக்கு நடக்கலாம்னு இருக்கேன். ஏழு நாளுதான். வரும்போது பஸ்ஸுல வந்துருவோம்."

"தாராளமாப் போ. நேர்ச்சைய வச்சுக்கிட்டு நாளக் கடத்துறது தப்புல்ல" என்றார் சார், சோற்றைப் பிசைந்துகொண்டே. மேரிக்கு நம்ப முடியவில்லை. மறு வாய் உள்ளே போனதும் அவர் தொடர்ந்தார். "ஆனா நாம பிளேட்ட மாத்தணும்ல?"

நாம என்று தமிழ் வாத்தியார் சொல்கிறார். நாங்கள் என்றால் கேட்பவர் சேர்த்தியில்லை, நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர். அவருடைய 'நாம'வில் கேட்பவர் மட்டும்தான் சேர்த்தி.

"அனிதாவ ஒரு வாரம் வரச் சொல்லவா?"

"பெத்த பிள்ள முன்னாடி வயித்தத் தொறந்து போட்டுப் படுக்கச் சொல்றியா?"

"காரைக்குடியில ஒரு நர்சு தம்பி இருக்காராம். வீட்டுக்கே வருவாராம்."

"அன்னிய ஆளு கை படுறதா? வேணாம் மேரி."

மேரி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். ஆறு வருடமாக வாய்வரை வந்து திரும்பிப் போன வார்த்தையை அன்றைக்குச் சொல்லிவிட்டாள். "நீங்களே மாத்திக்கிறலாம்ல?"

கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தலை சுத்தும்னு ஒனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் பாப்பம். மோர் ஊத்து." மேரி மோர் ஊற்றினாள். சோறு முங்கித் தட்டு விளிம்பைத் தொடும்வரை ஊற்றினாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த வருடம் என்பது இந்த வீட்டில் எந்தக் காலண்டரிலும் இல்லாத வருடம்.

அந்த வாரமே மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாகப் பை வைத்தவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஆகஸ்ட் முதல் ஞாயிறு கூட்டம். சார்தான் வந்து பேச வேண்டும். போன இரண்டு வருடமும் அவர்தான் பேசினார், ஜனங்கள் கண்ணில் தண்ணீர் வர கைதட்டினார்கள். பேச்சுக்குத் தலைப்பு 'பையும் பெருவாழ்வும்'. சார் வீட்டுக் கூடத்தில் முன்னும் பின்னும் நடந்து பேசிப் பார்த்தார். மேரி சட்டையை இஸ்திரி போட்டாள்.

மதுரைக்குப் போய் இறங்கியதும், ஆஸ்பத்திரியின் கூட்ட ஹாலுக்குப் பின்னால் இருந்த பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேரி பையைக் காலி செய்து கழுவிவிட்டாள். சார் சுவரைப் பார்த்துக்கொண்டு முதல் பத்தியை ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டார். பிறகு மேடைக்குப் போனார். மேரி கடைசி வரிசையில், மாற்றுப் பையும் கத்தரிக்கோலும் பஞ்சும் இருந்த கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நண்பர்களே, நான் எதையும் இழந்தவனல்லன். உங்களைக் காட்டிலும் ஒரு பை கூடுதலாகப் பெற்றவன்" என்று ஆரம்பித்தார். கைதட்டல். நன்றாகத்தான் பேசினார். பயந்துபோய் முகம் வெளிறி வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். "காலையில் நானே எழுகிறேன். நானே சுத்தம் செய்கிறேன். பையை மாற்றும் நேரத்தை நான் ஒரு தியானமாக ஆக்கிக்கொண்டேன்" என்றார். வீட்டில் நாம, மேடையில் நான். மேரி கைப்பையின் ஜிப்பை ஒருதரம் திறந்து, திரும்ப மூடினாள்.

போன வருடங்களில் பேச்சு முடிந்ததும் சாப்பாடு. இந்த வருடம் சினேகா என்ற புது நர்ஸ் எழுந்து, "யாருக்காச்சும் சார்கிட்ட கேக்கணும்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பெயர் தேவிகா, சிவகங்கைப் பக்கம். பக்கத்தில் புருஷன் பாண்டிமுருகன், சரக்கு வண்டி ஓட்டுகிறவன், ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். அவன் கையைக் கட்டிக்கொண்டு, கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, பிளேட்டுல ஓட்டை வெட்டுறோம்ல, நீங்க எத்தன மில்லிக்கு வெட்டுறீக? இவுகளுக்கு ஓரத்துல கசிஞ்சு தோலெல்லாம் புண்ணாப் போச்சு. நான் பெருசா வெட்டுறேனா, சிறுசா வெட்டுறேனான்னே தெரியல."

சாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "அது வந்தும்மா... அவரவர் உடல்வாகைப் பொறுத்தது."

"சரிங்கய்யா. ஒங்களுக்கு எத்தன?"

தொல்காப்பியத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சார் எல்லார் தலைக்கும் மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தார். மைக் வாயருகில் இருப்பதை மறந்து, வீட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மேரி, எத்தன மில்லி?"

முதலில் ஒரு பெண்பிள்ளை எங்கேயோ களுக்கென்று சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு வந்தது. பெண்கள் பக்கம்தான் அதிகம். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

"முப்பத்திரண்டு" என்றாள் மேரி, உட்கார்ந்தபடியே. நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காதே என்று சொல்லி வளர்த்திருந்தார்கள் அவளை. முப்பது வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சினேகா மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

மேரி எழுந்தாள். முதலில் தேவிகாவுக்குத் தேவையானதைச் சொன்னாள். "மொதல்ல அவுகளுக்கு நாப்பது இருந்துச்சு. ரெண்டு மாசத்துல வீக்கம் வத்திச் சுருங்கும். அதுவரைக்கும் வாரம் ஒருக்கா அளந்து பாரும்மா, பழைய அளவுல வெட்டாத. சதைக்கும் ஓட்டைக்கும் நடுவுல ரெண்டு மில்லி மட்டும் விடு. சோப்புப் போடாத. தேங்காண்ணெய தடவிராத, ஒட்டாது. வெறும் வெந்நியில தொடச்சு, நல்லா ஈரம் போகவிட்டு ஒட்டு. ஒட்டிட்டு உள்ளங்கைய வச்சு ரெண்டு நிமிசம் அமுக்கிப் பிடி. அந்தச் சூட்டுல பிடிச்சுக்கிரும்." பெண்கள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். சார் பேசியபோது யாரும் எதையும் எழுதவில்லை.

"எத்தன வருசமாக்கா நீங்க பாக்குறீக?" என்று கேட்டாள் தேவிகா.

"ஆறு வருசம்."

"நீங்க வெளியூரு போனா யாருக்கா மாத்துவா?"

"நான் போகல."

இதற்குமேல் பேச அவளுக்கு எண்ணமில்லை. ஆனால் பாண்டிமுருகன் இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. "தம்பி, அங்குட்டுப் பாக்காத. இங்குட்டுப் பாரு. ஒன் வயித்த நீ பாரு. ஒன் பொண்டாட்டி வயசு என்ன? அவளக் கட்டிப்போட்டுறாத." பிறகு தேவிகாவிடம், "இன்னைக்கே கத்தரிக்கோல அவரு கையில குடுத்துரு. தலை சுத்தினா சுத்தட்டும், விழுந்தாப் பிடிச்சுக்க. நான் மொத நாளு குடுக்கல. அது என் தப்பு. அவுக பொழைக்கணும்னு மாதாவுக்கு நடந்து வாரேன்னு சொன்னேன். அவுக பொழைச்சு ஆறு வருசமாச்சு. நான் இன்னும் வீட்டு வாசலத் தாண்டல" என்றாள்.

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. மேடையில் சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். மேலூர் தாண்டியது. திருப்பத்தூரில் பஸ் நின்றபோது வெளியே பார்த்தபடியே சொன்னார். "இத்தன பேரு முன்னாடி என்னைய விட்டுக்குடுத்துட்டியே மேரி."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேரியின் வாய் துடித்தது. பழகிப்போன வாய். "ஆமா" என்று மட்டும் சொன்னாள். மானகிரியில் இறங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே செபத்தி வீட்டுக்குப் போய், பட்டியலில் பெயரை எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். விட்டால் வீட்டுக்குப் போவதற்குள் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த மூன்று வாரம் சார் அவளோடு நேராகப் பேசவில்லை. "காப்பி வந்தாத் தேவலை" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வார். ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை தவறாமல் கட்டிலில் படுத்துச் சட்டையைச் சுருட்டினார். மேரியும் தவறாமல் மாற்றினாள். புதிதாக ஒன்று செய்தாள், கை செய்வதை வாய் சொன்னது. "இந்தா, மேல இருந்து கீழ உரிக்கிறேன். இந்தா, தொடைக்கிறேன். முப்பத்திரண்டுல வட்டம் போட்டு வெட்டுறேன்." சார் ஃபேனைப் பார்த்தார். காது திறந்திருந்ததா என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு தகர டப்பாவில் இரண்டு தடவைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைத்தாள். புதன்கிழமைக்கு ஒன்று, சனிக்கிழமைக்கு ஒன்று. கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு பிளேட்டிலும் ஓட்டையை வெட்டி வைத்துவிட்டுப் போனால் அவருக்குப் பாதி வேலை குறையும். பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெட்டாமலே டப்பாவில் வைத்து, அதன்மேல் கத்தரிக்கோலை வைத்து மூடினாள். வாழ்நாளில் அவள் செய்த கல்நெஞ்சு வேலை அது ஒன்றுதான். அழுதுகொண்டேதான் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக ஒருமுறை மாற்றிவிட்டு, காவிச் சேலையோடு வாசலில் நின்றாள்.

"புதன்கிழமை நான் என்ன செய்ய?" என்றார் சார். மூன்று வாரத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"டப்பாவுல எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அறவில்லை, நீண்டிருந்தது. மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள். மேரி வீட்டைச் சுமந்துகொண்டு நடந்தாள். புதுவயலில் போன் செய்தாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டார். அறந்தாங்கியில் செய்தாள். "நல்லாத்தான் இருக்கேன்." காலில் கொப்புளம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை, செபத்தி பார்த்துத்தான் துணி கட்டிவிட்டாள். செவ்வாய் இரவு பேராவூரணியில் தங்கினார்கள். புதன் விடிந்தது.

எட்டு மணிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஒன்பதுக்கு எடுக்கவில்லை. பத்துக்கும் எடுக்கவில்லை. பட்டுக்கோட்டைக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை இருந்தது. வெயில் ஏறிவிட்டது. தலை சுற்றி விழுந்து கிடக்கிறாரோ, படுக்கையெல்லாம் நனைந்து அப்படியே கிடக்கிறாரோ, யாரையும் கூப்பிட வெட்கப்பட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ. ஓட்டையை வெட்டி வைத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் வந்த பாவி நான் என்று மாரில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒரு ஊரின் நிறுத்தத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது மேரி தனியாகப் பிரிந்து சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அறந்தாங்கி போய் அங்கிருந்து காரைக்குடிக்கு மாறினால் சாயங்காலத்துக்குள் வீடு போய்விடலாம். செபத்தி அங்கிருந்து கத்தினாள், "ஏத்தா, எங்குட்டுப் போற?" தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. கையை நீட்டினாள். அதே நேரம் போன் அடித்தது.

"மேரி! மாத்திட்டேன்!"

பரீட்சையில் தேறிய பையனின் குரல். அவருக்கு மூச்சு வாங்கியது. "காலையில எந்திரிச்சு ரெண்டு மணி நேரம் டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ போன் அடிக்கிற, எடுக்கப் பயமா இருக்கு. எடுத்தா ஒன்னய வரச் சொல்லிருவேன்னு பயம். அப்புறம் ஒரே மூச்சுல பீரோக் கண்ணாடி முன்னாடி போயி நின்னேன். பாத்துட்டேன் மேரி. ஒதட்டுக்கு உள்பக்கம் மாதிரி செகப்பா இருக்கு, அவ்வளவுதான். நான் என்னமோ ஏதோன்னு இத்தன வருசம் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். கடியாரத்தப் பாத்துத்தான் ஆரம்பிச்சேன். வெட்டி, தொடச்சு, ஒட்டி, அமுக்கிப் பிடிச்சு, எல்லாம் சேத்துப் பன்னண்டு நிமிசம். கணக்காப் பன்னண்டே நிமிசம்!" சந்தோஷத்தில் அவர் சிரித்தார். "இவ்வளவுதானா மேரி இது?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுறீங்களாம்மா, இல்லையா?" என்றார். மேரி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

"மேரி? கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "இவ்வளவுதான்."

போனை இடுப்பில் செருகிவிட்டுச் சாலையோரத்து மண்ணில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வெடித்தது. கூட்டம் கூடிவிடும் என்ற வெட்கம்கூட இல்லாமல், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதாள். எதிர்ப்பக்கத்திலிருந்து செபத்தியும் நாலு பெண்களும் ஓடிவந்தார்கள். "வாத்தியாருக்கு ஏதும் ஆகிப்போச்சா?" என்று செபத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு. சந்தோசமா இருக்காரு" என்றாள் மேரி.

"அப்புறம் எதுக்குடி அழுகுற? கால் வலியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.